பள்ளிப் பையை எடை போட்டார்கள். கல்லூரி நாற்காலியை யார் அளப்பது?

புதுதில்லி: 1989-ஆம் ஆண்டு மாநிலங்களவையில் நியமன உறுப்பினர் ஒருவர் தமது கன்னிப் பேச்சை நிகழ்த்த எழுந்தார். எல்லைப் பிரச்னையைப் பற்றியோ, நிதிநிலை அறிக்கையைப் பற்றியோ அவர் பேசவில்லை. பள்ளிக் குழந்தைகளின் முதுகில் தொங்கும் புத்தகப் பையைப் பற்றிப் பேசினார். பையின் பாரத்தால் பிள்ளைகள் கூன் விழுந்து, கைகளை முன்னே தொங்கவிட்டபடி நடக்கின்றனர்; சிலருக்கு முதுகெலும்பே பாதிக்கப்பட்டிருக்கிறது என்று அவர் கவலை தெரிவித்தார். அவ்வாறு பேசியவர், சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயண்.

அந்தப் பேச்சு அவைக்குறிப்போடு நின்றுவிடவில்லை. 1992-இல் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் மத்திய அரசு குழு அமைத்தது. 'சுமையில்லாக் கற்றல்' குறித்த அதன் அறிக்கை 1993-இல் வெளிவந்தது. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குழந்தைகளின் பைச் சுமையைக் குறைக்கக் கொள்கை வகுக்க வேண்டும் என உத்தரவிட்டது. அதன் பிறகு உருவான 2020-ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை குழந்தையின் உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என வரையறுத்தது. ஒரு நாவலாசிரியரின் குரல் கொள்கையாக மாற முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. எனினும் மாறியது.

ஆனால், அந்தக் குழந்தை பிளஸ் 2 முடித்துக் கல்லூரி வாசலில் காலடி வைத்தவுடன், அதன் முதுகெலும்பு குறித்த அரசின் அக்கறை முடிந்துவிடுகிறது. மத்திய கல்வி அமைச்சகத்தின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டில் உயர்கல்வி பயில்வோர் 4.33 கோடிப் பேர். அவர்கள் எதில் அமர்ந்து படிக்கின்றனர், எவ்வளவு நேரம் அமர்கின்றனர், எந்த உயரத்தில் உள்ள திரையைப் பார்க்கின்றனர் என்பதற்கு எந்த வரையறையும் பேசப்படுவதில்லை.

கட்டிலே மேசை

தலைநகரின் எந்த மாணவர் விடுதியிலும் இரவு பத்து மணிக்குக் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. சுவரில் சாய்ந்தபடி கட்டிலில் மாணவர் அமர்ந்திருப்பார். மடியில் தலையணை, அதன் மேல் மடிக்கணினி. முகவாய் மார்பைத் தொடும் அளவுக்குத் தலை கவிழ்ந்திருக்கும். அறையில் மேசை இருக்கும். அதன் மேல் மின்கெட்டிலும் துணிகளும் இருக்கும்.

தில்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தை அடுத்த முகர்ஜி நகரில் நிலைமை இன்னும் நெருக்கமானது. குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களை நம்பி அங்கே தெருவுக்குத் தெரு 'லைப்ரரி'கள் இயங்குகின்றன. பெயர்தான் நூலகம், உள்ளே பெரும்பாலும் நூல்கள் இருப்பதில்லை. மரப்பலகைத் தடுப்புகளுக்கு நடுவே ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, ஒரு மின்இணைப்பு. மாதக் கட்டணம் செலுத்தி அந்த இடத்தில் நாள் முழுவதும் அமர்ந்து படிக்கலாம். தமிழகத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் தேர்வர்களும் இவர்களுள் உண்டு.

2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் பயிற்சி மையங்களுக்கு வழிகாட்டி நெறிமுறைகளை வெளியிட்டது. வகுப்பில் ஒரு மாணவருக்குக் குறைந்தது ஒரு சதுர மீட்டர் இடம் ஒதுக்கப்பட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அதே ஆண்டு ஜூலை 27-ஆம் தேதி, பழைய ராஜிந்தர் நகரில் பயிற்சி மையம் ஒன்றின் நிலத்தடித் தளப் படிப்பகத்தில் வெள்ளம் புகுந்து 3 தேர்வர்கள் உயிரிழந்தனர். நாடாளுமன்றத்திலும் எதிரொலித்த அந்தத் துயரத்துக்குப் பின், படிப்பகங்களின் வெளியேறும் வழி, வடிகால், தீத்தடுப்பு ஆகியவை விவாதப் பொருளாயின. அவை உயிரைக் காப்பதற்கான கேள்விகள். முதலில் எழ வேண்டியவையும் அவையே. ஆனால், அந்த ஒரு சதுர மீட்டருக்குள் மாணவர் எப்படி அமர்கிறார் என்ற கேள்வி இன்னும் எழவே இல்லை.

38-க்கும் 45-க்கும் நடுவே

மனித உடலின் அளவுக்கும் இயக்கத்துக்கும் ஏற்பக் கருவிகளையும் இருக்கைகளையும் வேலை முறையையும் அமைக்கும் துறைக்குப் பணிச்சூழலியல் என்று பெயர். 'எர்கோனாமிக்ஸ்' என்ற சொல்லை 1857-இல் போலந்து அறிஞர் யாஸ்ட்ஷெம்போவ்ஸ்கி உருவாக்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் அது தனித் துறையாக வளர்ந்தது. மனிதரைக் கருவிக்கேற்ப வளைக்கக் கூடாது, கருவியையே மனிதருக்கேற்ப மாற்ற வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

இந்த அடிப்படை நம் கல்லூரிகளில் எவ்வாறு மீறப்படுகிறது என்பதை அறிய, அளவுநாடா ஒன்று போதும். சாதாரண நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வுகளின்படி இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 152 சென்டிமீட்டர். அமர்ந்த நிலையில் பாதத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரையிலான உயரம், மொத்த உயரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. அதாவது, 38 சென்டிமீட்டர். செருப்பைச் சேர்த்தாலும் 40-ஐத் தாண்டாது.

விளைவு என்ன? பாதம் தரையில் முழுமையாகப் படியாது. தொடையின் அடிப்பகுதியை இருக்கையின் விளிம்பு அழுத்தும். அதைத் தவிர்க்க மாணவி இருக்கையின் நுனிக்கு நகர்வார். நுனிக்கு நகர்ந்தவுடன் முதுகு, சாய்வுப் பலகையின் ஆதரவை இழக்கிறது. பின்னர் எழுதுவதற்காக முன்னே கவிழ்வதைத் தவிர வழியில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது 'கூன் போடும் கெட்ட பழக்கம்'. உண்மையில் அது 7 சென்டிமீட்டர் குறைபாட்டுக்கு உடல் கண்டுபிடித்த சமாதானம். 4.33 கோடி மாணவர்களில் 2.07 கோடிப் பேர் பெண்கள் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

எழுதுபலகை பொருத்திய நாற்காலியின் கதை வேறு. கல்லூரி அரங்குகளில் வரிசை வரிசையாகக் கிடக்கும் இந்நாற்காலிகளில் பலகை பெரும்பாலும் வலப்பக்கமே இருக்கும். இடக்கை மாணவர் எழுத வேண்டுமானால் இடுப்பைத் திருகி, இடது தோளைக் குறுக்கே கொண்டுவர வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வையும் அந்த நிலையிலேயே எழுதி முடிக்க வேண்டும். மக்கள்தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இடக்கைப் பழக்கம் உடையவர். அந்தக் கணக்கில் உயர்கல்வி பயில்வோரில் 40 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இது அன்றாடப் பிரச்னை.

பள்ளி வகுப்பறை நாற்காலி, மேசைகளுக்கு இந்திய தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 4837 என்ற தரத்தை வகுத்துள்ளது. ஐரோப்பாவில் கல்வி நிலையங்களுக்கான நாற்காலிகள், பயன்படுத்துவோரின் உயரத்துக்கேற்ப அளவு எண்ணும் வண்ணக் குறியீடும் இட்டு விற்கப்படுகின்றன. நம் கல்லூரிகளின் கொள்முதலோ, ஒரே அளவு, குறைந்த விலை என்ற இரண்டு சொற்களில் முடிந்துவிடுகிறது. ஒப்பந்தப்புள்ளியில் இரும்புக் குழாயின் தடிமன் இருக்கும். பூச்சின் தரம் இருக்கும். அமரப் போகிறவரின் உயரம் இருக்காது.

கணினி வந்தது, மேசை வரவில்லை

உத்தரப் பிரதேச அரசு 2013-இல் மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அதே மாநிலத்தில் 2021 டிசம்பரில் கைக்கணினி, செல்லிடப்பேசி வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. தமிழகம் இதில் முன்னோடி. 2011 செப்டம்பரிலேயே விலையில்லா மடிக்கணினித் திட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்து, அதற்கென ரூ.2,000 கோடி ஒதுக்கியது. கட்சி வேறுபாடின்றி அரசுகள் போட்டியிட்டுச் செய்த இத்திட்டங்கள், ஏழை மாணவர்களின் கைக்கு முதன்முறையாகக் கணினியைக் கொண்டுசேர்த்தன. அதில் குறை காண்பதற்கில்லை.

ஆனால், மடிக்கணினியின் அமைப்பிலேயே ஒரு முரண்பாடு உள்ளது. அதன் திரையும் விசைப்பலகையும் பிரிக்க முடியாதவை. விசைப்பலகை கைக்கு வசதியான உயரத்தில் இருந்தால் திரை தாழ்ந்துவிடும், கழுத்து கவிழும். திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினால் தோளும் மணிக்கட்டும் வருந்தும். தனி விசைப்பலகை ஒன்றை இணைத்து, கணினியை நான்கு கனமான புத்தகங்களின் மேல் வைத்தால் இந்த முரண்பாடு தீர்ந்துவிடும். செலவு சில நூறு ரூபாய். இந்த எளிய செய்தி, கோடிக்கணக்கில் செலவிட்டு வழங்கப்பட்ட கணினிகளுடன் சேர்ந்து மாணவரைச் சென்றடைந்திருக்க வேண்டும்.

திரை இனி மாணவரின் தனிப்பட்ட விருப்பம் அல்ல. அதுவே கல்விக் கொள்கை. ஒரு பட்டப்படிப்பின் பாடங்களில் 40 சதவீதம் வரை 'ஸ்வயம்' இணையவழிப் பாடங்களாகப் பயிலலாம் என 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழு விதி வகுத்தது. கல்லூரிகளைத் தரமிடும் 'நாக்' அமைப்பு, எத்தனை மாணவருக்கு ஒரு கணினி என்று கேட்கிறது. கணினிகளை எண்ணும் அமைப்புகள், அதன் முன்னே இருக்கும் இருக்கையையும் அளக்கலாம்.

'நிமிர்ந்து உட்கார்' என்றால் போதுமா?

வீட்டுப் பெரியவர்கள் முதல் ஆசிரியர்கள் வரை அனைவரும் சொல்லும் அறிவுரை ஒன்றே: நிமிர்ந்து உட்கார். அறிவியல் அவ்வளவு எளிமையாகப் பேசவில்லை.

1960-களில் ஸ்வீடன் நாட்டின் ஆல்ஃப் நாகெம்சன், முதுகெலும்பின் வட்டுகளுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட ஆதரவின்றி அமர்வதில் அழுத்தம் கூடுதல் என்று அவர் கண்டார். 1999-இல் ஜெர்மனியில் வில்கே குழுவினர் தன்னார்வலர் ஒருவரின் வட்டுக்குள் நுண்கருவி பொருத்தி அளந்தபோது, இயல்பாக அமர்வதற்கும் நிற்பதற்கும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து தளர்ந்தபோது அழுத்தம் குறைந்தே போனது. முன்னே குனிந்து நின்றபோதுதான் அது இரு மடங்கானது.

கழுத்து குறித்த ஒரு கணக்கும் பரவலாகப் பேசப்படுகிறது. ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ள தலை 60 பாகை கவிழும்போது கழுத்தின் மீது விழும் பாரம் 27 கிலோ அளவுக்கு உயர்கிறது என்று நியூயார்க் அறுவைச் சிகிச்சை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் கணித்தார். அது கணினி மாதிரியில் போட்ட கணக்கு. உயிருள்ள கழுத்தில் அளந்தது அன்று. எனவே செல்லிடப்பேசியைப் பார்ப்பவர்கள் எல்லாரும் நோயாளிகள் ஆகிவிடுவர் என்று அச்சுறுத்த அது பயன்படாது.

இவற்றிலிருந்து தெளிவாகும் உண்மை, 'சரியான ஒரே அமர்வுநிலை' என்று ஒன்று இல்லை என்பதுதான். எந்த நிலையும், அது எவ்வளவு நிமிர்ந்ததாயினும், மணிக்கணக்கில் நீடித்தால் தசைகள் களைத்துப் போகும். தூக்கக் குறைவு, தேர்வு அச்சம், உடலுழைப்பு இன்மை ஆகியவையும் வலியைக் கூட்டுகின்றன. ஆகவே, நிமிர்வதைக் காட்டிலும் மாற்றி அமர்வதும், அவ்வப்போது எழுவதும், நடப்பதுமே முக்கியம். வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும். அமர்ந்திருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என 2020-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது.

கீழ்முதுகு வலி அற்பமானது அல்ல. உலகில் மக்களைச் செயலிழக்கச் செய்யும் காரணங்களில் அதுவே முதன்மையானது. 2020-இல் உலகெங்கும் 61.9 கோடிப் பேரைப் பாதித்த அது, 2050-இல் 84.3 கோடிப் பேரைப் பாதிக்கும் என மதிப்பிடப்பட்டுள்ளது.

பயிற்சியின் எல்லை

பல்கலைக்கழகங்களில் பணிச்சூழலியல் பயிற்சி அளித்தால் போதும் என்போர் உண்டு. முழங்கை ஏறத்தாழச் செங்கோணத்தில் இருக்க வேண்டும், திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருக்க வேண்டும், திரை ஒரு கை நீளத் தொலைவில் இருக்க வேண்டும், பாதம் தரையில் படிய வேண்டும், எட்டாவிட்டால் ஒரு பலகையாவது வேண்டும் என்பதை ஒரு மணி நேர வகுப்பில் கற்பித்துவிடலாம்.

ஆனால், அலுவலக ஊழியர்களிடையே நடந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த 'காக்ரேன்' அறிக்கை, பயிற்சி மட்டுமே கழுத்து, தோள் கோளாறுகளைத் தடுக்கும் என்பதற்கு ஒருமித்த சான்று இல்லை என 2018-இல் தெரிவித்தது. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. அசைக்க முடியாத நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு நாற்காலியை எப்படிச் சரிசெய்வது என்று பாடம் நடத்தி என்ன பயன்? இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீளும் வகுப்பில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நிற்கச் சொன்னால், எழ அனுமதிப்பது யார்?

இருக்கையை மாற்றும் உரிமையும் எழுந்து நிற்கும் உரிமையும் இல்லாத இடத்தில், பயிற்சி என்பது பழியை மாணவர் தலையில் சுமத்தும் ஏற்பாடாகவே முடியும். உடல்நிலைப் பழக்கம் தனிமனித ஒழுக்கம் என்று கருதப்படும் வரை, கொள்முதல் செய்தவரையோ கால அட்டவணை வகுத்தவரையோ யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

சட்டங்களுக்கு வெளியே

சட்டமும் மாணவருக்குத் துணை நிற்கவில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அறிவிக்கத்தக்க நோய்கள் என 29 நோய்களைப் பட்டியலிட்டது. ஈய நச்சு முதல் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு வரை அதில் இடம்பெற்றன. முதுகு, கழுத்துக் கோளாறுகள் இடம்பெறவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும், தொழிலாளி, நிறுவனம் என்ற உறவிலிருந்தே தொடங்குகிறது. மாணவர் குழந்தையும் அல்லர், தொழிலாளியும் அல்லர். ஒரு கொள்கை முடிந்த இடத்துக்கும் இன்னொரு சட்டம் தொடங்கும் இடத்துக்கும் நடுவே அவர் நிற்கிறார்.

ஐரோப்பிய சமூகம் 1990-இலேயே கணினித் திரை முன் பணியாற்றுவோரின் இருக்கை, மேசை, இடைவேளை குறித்து ஆணை பிறப்பித்தது. பிரிட்டன் அதை 1992-இல் தன் விதிகளாக ஏற்றது. அங்கும் அந்த விதிகள் ஊழியர்களுக்கானவையே. எனினும், பல பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் அதே வழிகாட்டுதலை மாணவர்களுக்கும் விரித்துள்ளன. சட்டம் கட்டாயப்படுத்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு இது சான்று.

அறிவுக்குப் பஞ்சமில்லை

இத்துறையில் இந்தியாவுக்கு அனுபவம் இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆமதாபாதில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம், நாட்டு மக்களின் உடல் அளவுகளைத் திரட்டி 1997-இல் நூலாக வெளியிட்டது; தொகுத்தவர் தேவ்குமார் சக்ரவர்த்தி. மும்பையில் மத்தியத் தொழிலாளர் நிறுவனமும், ஆமதாபாதில் தேசியப் பணிச்சூழல் சுகாதார நிறுவனமும் இயங்குகின்றன.

தலைநகரிலேயே ஒரு முரண் கண்முன் நிற்கிறது. வடக்கு வளாகத்துக்கும் முகர்ஜி நகருக்கும் அருகே திமார்பூரில் இருக்கிறது பாதுகாப்புத் துறையின் உடலியங்கியல் ஆய்வு நிறுவனமான 'திபாஸ்'. ராணுவ வீரர் முதுகில் சுமக்கும் பாரம் அவரது நடையையும் உடலையும் எவ்வாறு பாதிக்கிறது என்பதை அங்குள்ள விஞ்ஞானிகள் துல்லியமாக அளந்திருக்கின்றனர். வீரரின் முதுகு நாட்டுக்கு முக்கியம் என்பதில் ஐயமில்லை. அதே பகுதியில் இரவு பகலாகப் படிக்கும் ஆயிரக்கணக்கான இளைஞர்களே நாளைய ஆட்சியர்களும் ஆசிரியர்களும். அவர்கள் முதுகை அளப்பதற்குத்தான் எவரும் இல்லை.

செய்யக்கூடியவை

புதிய சட்டம் இயற்றாமலேயே தொடங்கக்கூடிய பணிகள் சில உள்ளன. முதலாவது, கொள்முதல். கல்லூரிகளுக்கென நாற்காலி, மேசைத் தரத்தை வகுத்து, மானியக் குழு நிதியில் வாங்கப்படும் இருக்கைகள் குறைந்தது இரண்டு அளவுகளிலும், இடக்கைப் பலகையுடன் ஒரு பகுதியும் இருக்க வேண்டும் என ஒப்பந்தப்புள்ளியில் ஒரு வரி சேர்த்தால் போதும். பழையவற்றைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. புதிதாக வாங்கும்போது மாற்றலாம்.

இரண்டாவது, கால அட்டவணை. நீண்ட வகுப்புகளின் நடுவே ஐந்து நிமிடம் எழுந்து நடக்க இடம் தருவதற்குப் பணம் செலவாகாது.

மூன்றாவதாகத்தான் பயிற்சி. 2022 டிசம்பரில் மானியக் குழு வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்ட வரையறையில் உடல்நலம், யோகா, விளையாட்டு ஆகியவை பொதுப் பாடங்களாக இடம்பெற்றுள்ளன. அவற்றுள் பணிச்சூழலியலுக்குச் சில மணி நேரம் ஒதுக்கத் தடையேதும் இல்லை. சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க 1991-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டும், அது பட்ட வகுப்புகளை முழுமையாக எட்ட பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று என்பதை நினைவில் கொண்டால், நீதிமன்றப் படியேறும் முன்பே செய்வது நல்லது.

நாராயண் பேசிய நாளில் பள்ளிப் பையைச் சுமந்த சிறுவர்களுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பைக்கு எடை வரம்பு வந்தபோது, அவர்களின் பிள்ளைகள் பள்ளியில் இருந்தனர். அப்பிள்ளைகளில் பலர் இன்று கல்லூரியில். மீண்டும் முப்பது ஆண்டுகள் காத்திருக்க அவர்களுக்கு நேரமில்லை. அடுத்த கல்வியாண்டுக்கான நாற்காலி ஒப்பந்தப்புள்ளிகள் வழக்கம்போல் வெளியாகும். அவற்றில் அமரப் போகிறவரின் உயரமும் ஒரு வரியாக இடம்பெறுமா என்று நாடாளுமன்றத்தில் யாரேனும் ஓர் உறுப்பினர் கேட்டால், அது நல்ல தொடக்கமாக அமையும்.